பைக்குழல் நின்ற இடம்

டொராண்டோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. இலங்கையில், வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்து மூன்று நாளாகிறது. எல்லா மேசைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள், பேச்சு மட்டும் இல்லை. ரேடியோ தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்காட்லாந்தில் ஒரு வாரம் சுற்றிவிட்டு நேற்றுத்தான் இங்கே வந்தேன். பையைத் திறக்கும்போது எடின்பரோ கோட்டையின் படம் போட்ட அஞ்சலட்டை கீழே விழுகிறது. தேநீர் கொண்டுவந்த அக்கா அதை எடுத்துப் பார்க்கிறார்.

"உது எந்தக் கோட்டை, தம்பி?"

அங்கே கேட்ட கதையைச் சொல்கிறேன். கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையைக் கண்டுபிடித்தார்களாம். அது எங்கே போகிறது என்று அறிய, தோல்பையில் காற்றடைத்து ஊதும் பைக்குழலை வாசிக்கும் ஒருவனை உள்ளே இறக்கினார்களாம். அவன் வாசித்துக்கொண்டே நடக்க, மேலே தெருவில் ஊர்மக்கள் அந்த ஓசையைக் கேட்டபடி கூடவே நடந்தார்களாம். பாதி வழியில் ஓசை நின்றுவிட்டது.

"பிறகு ஒருத்தரும் தேடேல்லையோ?"

"தேடினாங்களாம். ஆள் கிடைக்கல. சுரங்கத்தை மூடிட்டாங்க."

அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

"என்ர கடைசித் தம்பி பங்கர் குழிக்குள்ள இருந்துதான் போனில கதைச்சவன். பிள்ளையளுக்குத் தண்ணி இல்லை எண்டு சொல்லிக்கொண்டிருக்கேக்க லைன் நிண்டிட்டுது. இண்டைக்கு ஆறு நாள்."

"அகதி முகாம்ல இருப்பாங்க, அக்கா."

"ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம்." அட்டையை என் பக்கம் நகர்த்துகிறார். "அவை எத்தனை நாள் பாத்திட்டுச் சுரங்கத்தை மூடினவை?"

"தெரியல, அக்கா."

கதை சொன்ன வழிகாட்டி அதைச் சொல்லவில்லை. எனக்கும் அங்கே கேட்கத் தோன்றவில்லை.