தேய்த்தும் அழியாத கட்டம்

1. தேநீர் ஊற்றிக் காட்டியது

முதல் கூட்டத்திலேயே அட்டையின் மேல் தேநீரை ஊற்றினேன். பிறகு சாவியால் கீறினேன். ஒரு மூலையில் கறுப்பு மையைப் பூசினேன். ஸ்கேனரைக் காட்டியதும் ‘பீப்’. பெயர், எண், ரத்த வகை எல்லாம் ஓர் எழுத்துக் குறையாமல் திரையில் வந்தன. மேசையைச் சுற்றியிருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. கொல்கத்தாவில், ஜாதவ்பூரில் ஒரு மாடி அறையில் அடையாள அட்டைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கார்டன் ரீச் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. கிரீஸும் வெல்டிங் பொறியும் படுகிற கைகள் அங்கே. சாதாரணக் கோட்டு பார்கோடு ஒரு மாதம் தாங்காது. அதனால் கறுப்பும் வெள்ளையும் பொடிப்பொடியாக அடுக்கிய கட்டம் ஒன்றை அச்சடித்தோம். தகவலோடு உபரி எண்களையும் சேர்த்து அதில் பரப்பி வைத்தால், ஒரு பகுதி அழிந்தாலும் மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். எரர் கரெக்‌ஷன் என்போம். அதை நான் மிக உயர்வாக மதித்தேன்.

“மெடிக்கல் ஃபைலில் இருப்பதையும் உள்ளே போட்டுவிடுங்கள், விபத்து என்றால் உதவும்” என்றார் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு அதிகாரி. திரும்பும் பஸ்ஸில் முதலாளி மித்ரா பாபுவிடம் கேட்டேன், அதை என்கிரிப்ட் செய்து பூட்ட வேண்டாமா என்று. இன்னும் ஒரு வாரம் பிடிக்கும்.

“ஆரே பாபா, அந்தப் புள்ளிகளை மனுஷன் கண்ணால் படிக்க முடியுமா? அதுவே பூட்டுதான்” என்றார் வங்காளத்தில்.

எனக்கும் சரியென்றே பட்டது. கண்ணுக்குப் புரியாததை மறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம்.

2. பாக்கியம் அக்கா கேட்டது

பாக்கியம் அக்கா அங்கே கேண்டீனில் சமையல். வேலூர்ப் பக்கத்திலிருந்து கணவரின் வேலையோடு வந்தவர், அவர் இறந்த பிறகு அடுப்படியைப் பிடித்துக்கொண்டவர். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும். எண்ணெய் கொட்டியது என்பார். அவர் சாம்பாருக்கு வங்காளிகளும் வரிசையில் நிற்பார்கள். அட்டை கொடுத்த அன்று என் மேசைக்கு வந்தார்.

“இன்னாது தம்பி இது, கடுகு கொட்டினாப்பல?”

“பார்கோடுக்கா. உங்க ஜாதகமே உள்ள இருக்கு.”

“ஜாதகம்னா?”

“பேரு, நம்பரு, ரத்தம். ஆஸ்பத்திரி ஃபைல்ல எழுதினது.”

“நான் வேலைக்குச் சேரச்சொல்ல டாக்டரு எழுதினாரே, அதுவா?”

“அதேதான். உங்களுக்கு என்னக்கா வியாதி? வாய்தான் கொஞ்சம் நீளம்.”

அவர் சிரிக்கவில்லை. “இத அழிக்க முடியுமா?” என்றார்.

“யானை மிதிச்சாலும் அழியாது” என்றேன், பெருமையாக.

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மேசையிலேயே கணினி இருந்தது. அவர் பெயரைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் தட்டவில்லை.

3. முதல் காலை

கேட்டில் ஸ்கேனர் ஓடத் தொடங்கிய காலை. தங்கள் படத்தைத் தாங்களே பார்க்கட்டும் என்று திரையை வரிசையின் பக்கம் திருப்பி வைத்தவன் நான். வங்காளிகளுக்கு அண்ணன் ‘தாதா’, பெயரோடு சேர்ந்தால் ‘தா’. காவலர் தபன்-தாவுக்குப் புது இயந்திரம் தந்த குஷி. வருகிறவர்களின் ரத்த வகையையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“பி பாசிட்டிவ், போ! ஓ நெகட்டிவ்! தாதா, உன் ரத்தம் லேசில் கிடைக்காது, பத்திரமா நட!”

அக்காவின் முறை வந்தது. அங்கே எல்லாருக்கும் அவர் ‘மாஷி’, சித்தி. அட்டையில் கட்டம் வெளுத்திருந்தது. தேங்காய் நார் வட்டவட்டமாகத் தேய்த்த தடம்.

“இது என்ன மாஷி? பாத்திரம்னு நெனச்சு விளக்கிட்டியா?” என்றார் தபன்-தா. வரிசை சிரித்தது. ஸ்கேனரைக் காட்டினார், ஒலி வரவில்லை. மறுபடி காட்டினார், வரவில்லை. அக்கா மெல்ல மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

அவ்வளவு பேர் முன்னால் என் வேலை தோற்கக் கூடாது. ஸ்கேனரை நான் வாங்கி, சற்றுச் சாய்த்துப் பிடித்தேன். பீப்.

“ஏ பாசிட்டிவ். ரிமார்க்ஸ், ஓல்ட் லெப்ரஸி...” தபன்-தா நிறுத்திவிட்டார். அடுத்த சொல் ‘க்யூர்டு’, குணமாகிவிட்டது என்று. அது திரையில் இருந்தது, அதை யாரும் படிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் ‘குஷ்டோ’ என்றது, மெதுவாக. வரிசை ஓரடி பின்வாங்கியது.

அக்கா என்னைத்தான் பார்த்தார்.

“அவ்ளோ தேய்ச்சும் போவலியே, தம்பி.”

மதியம் கேண்டீனில் சாம்பார் அண்டா நிறைந்தே இருந்தது. தொழிற்சாலை டாக்டர் தட்டேந்தி வந்தார். குணமாகி இருபது வருடம் ஆயிற்று, யாருக்கும் ஒட்டாது என்று சொல்லி, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டார். தபன்-தா தலையைக் குனிந்தபடி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே பொரி வாங்கித் தின்றார்கள். வாரம் முடிவதற்குள் அக்காவை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

4. புது அட்டை

எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கினோம். மித்ரா பாபு வாதாடவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கீபோர்டைத் தட்டினார். புது அட்டையில் பொருளற்ற ஓர் எண் மட்டும். மருத்துவ விவரமெல்லாம் டாக்டர் அறைக் கணினியில், என்கிரிப்ட் செய்து. திறக்கும் சாவி டாக்டரிடம்.

அக்காவின் அட்டையை நானே கொண்டுபோனேன். கோணிச் சாக்குகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்கேனரையும் எடுத்துப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு படித்துக் காட்டினேன்.

“பாருங்கக்கா, வெறும் நம்பரு. ஊரே வந்து பார்த்தாலும் இதுக்கு மேல வராது.”

“நல்லாத்தான் செஞ்சிருக்கே. மத்தவங்களுக்கு ஆவும்.” அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “எனக்கு எதுக்குப்பா? நான் நடந்து வந்தாலே படிச்சிடறாங்க.”

இந்தத் தொழிலை நான் விடவில்லை. இன்றும் யாராவது வந்து, இதையும் உள்ளே மறைத்து வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், பூட்டத் தெரியும். ஆனால் பூட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இது உள்ளே இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்? பாதிப் பேர் யோசித்துவிட்டு, ஒன்றும் நிற்காது என்கிறார்கள். அந்த வரியை அவர்கள் கண்ணெதிரிலேயே எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை எழுத உட்காருகிறேன்.