முதல் பானையும் மூணு வேளை மாத்திரையும்

நாப்பத்தாறு வயசுல நான் முதல்ல குத்தம் சொன்னது சீலிங் ஃபேனை. மார்கழி மாசம், ஊரே மப்ளர் சுத்திக்கிட்டுத் திரியுது. எனக்கு மட்டும் கழுத்துக்கு மேல குப்புன்னு சூடு ஏறி வேர்த்து ஊத்துது. எலக்ட்ரீஷியன் மூணு தடவை வந்து பார்த்தார். மூணாவது தடவை, "அக்கா, ஃபேன் நல்லாத்தான் ஓடுது. நீங்க ஒருவாட்டி டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். என்னா வாய்க்கொழுப்புன்னு அவரை அன்னைக்குப் பூரா திட்டுனேன். என் உடம்பை முதல்ல சரியாக் கண்டுபிடிச்சது அந்த மனுஷன்தான்.

கோபமும் அப்படித்தான். நான் கணக்கு டீச்சர். பொறுமைக்குப் பேர்போனவன்னு எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கிட்டவ. வீட்டுக்காரர் அப்பளம் நொறுக்குற சத்தம் தாங்காம அடுப்படியில போயி நின்னு அழுதேன். அப்பளத்துக்கு! வகுப்புல பாதிக் கணக்குப் போட்டுட்டு அடுத்த வரி மறந்துபோகும். "மிச்சத்தை நீங்க சொல்லுங்க பார்ப்போம்"னு பிள்ளைங்க பக்கம் திரும்பிருவேன். பிள்ளைங்களை நல்லா யோசிக்க வைக்கிறீங்கன்னு ஹெச்.எம். பாராட்டுனாங்க. வெக்கமில்லாம வாங்கிக்கிட்டேன்.

ஆனா எனக்கு அப்ப இருந்த ஒரே கவலை மாசிப் பொங்கல்தான். பேரையூர் பக்கத்துல எங்க வீட்டுக்காரர் குலசாமி கோயில். அங்க முதல் பானை மூத்த மருமக கையாலதான் அடுப்புல ஏறணும். அவ வீட்டுக்குத் தூரமாயிட்டா அடுத்த மருமக. ரெண்டு வருஷமா பொங்கல் அன்னைக்குச் சரியா எனக்கு வந்து தொலைச்சது. கொழுந்தன் பொண்டாட்டி பானையை ஏத்துனா, நான் தள்ளி வேலிக்கருவை மர நிழல்ல கார்ல உக்காந்திருந்தேன். அவ முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டு, ரெண்டு வருஷமா அவகிட்ட சரியாப் பேசல. இந்தத் தடவை விடுறதில்லைன்னு இருந்தேன்.

அதுக்குத்தான் எல்லார் வீட்டுலயும் ஒரு வழி இருக்கே, தள்ளிப்போடுற மாத்திரை. கல்யாணம், காதுகுத்து, கோயில், எதுன்னாலும் அதான். மெடிக்கல்ல போயி நின்னா, "எத்தனை நாளைக்குக்கா?"ன்னு மட்டும்தான் கேப்பாங்க. மூணு வேளையும் போட்டேன். பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கையில பங்காளி வீட்டுல ஒரு பெரியவர் தவறிட்டார். தீட்டு. பொங்கல் பங்குனிக்குத் தள்ளிப்போச்சு. நானும் மாத்திரையை நிப்பாட்டுனேன். மூணாம் நாள் ஸ்டாஃப் ரூம் நாற்காலியில இருந்து எந்திரிக்க முடியல. அம்புட்டு ரத்தம் போச்சு. தலை கிர்ருன்னு சுத்துது.

டாக்டரம்மா கேட்டாங்க, "இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?"

"மூணு மாசம் இருக்கும்."

"மூணு மாசமா வராததையா மாத்திரை போட்டுத் தள்ளி வச்சீங்க?"

கணக்கு டீச்சர்! விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துட்டு, மாதவிடாய் நிக்கிறதுக்கு முன்னாடி சில வருஷம் உடம்பு இப்படித்தான் முன்னப்பின்ன ஆட்டங்காட்டும்னு சொன்னாங்க. சூடு, கோபம், மறதி, தூக்கமில்லாதது, எல்லாம் ஒரே விஷயமாம். நான் ஃபேன், வீட்டுக்காரர், கொழுந்தன் பொண்டாட்டின்னு ஆளாளுக்குப் பிரிச்சுக் கொடுத்து வச்சிருந்தேன். கேக்காம மாத்திரை போடக்கூடாது, காப்பியைக் குறைங்க, நடங்க, கொஞ்சம் எடை தூக்குங்க, ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிங்க, வர்ற தேதியை எழுதி வைங்கன்னாங்க.

ஆறு காப்பி ரெண்டாச்சு. முதல் வாரம் தலைவலியில நான் போட்ட ஆட்டத்துல வீட்டுக்காரர் தன் காப்பியை மாடியில ஒளிஞ்சு நின்னு குடிச்சார். காலையில நடக்கப் போனேன். முத நாளே திரும்பி வர்றப்ப கடையில நின்னு ரெண்டு வடை தின்னேன். எடைக்கு அஞ்சு கிலோ அரிசிப் பை, கைக்கு ஒண்ணா. அதுல ஒண்ணு கிழிஞ்சு கூடம் பூராம் அரிசி. ஆனா நைலான் சேலையை விட்டுட்டு பருத்தி கட்டுனதும், ராத்திரி புரோட்டாவை விட்டதும், மூணு வாரத்துல நாலஞ்சு மணி நேரமாவது அசந்து தூங்குனேன்.

மாத்திரை இல்லாமத்தான் பங்குனிப் பொங்கலுக்குப் போனேன். வந்தா வரட்டும்னு வாய் சொல்லுச்சு. ஆனா வழி பூரா தேதியை எண்ணிக்கிட்டேதான் போனேன். பானைக்கு மஞ்சக்கொத்து கட்டி, கையில தூக்குறேன், வந்துருச்சு. வயசான காலத்துல இதுக்கு மட்டும் நேரம் தவற மாட்டேங்குது பாருங்க! சொல்லாம ஏத்திரலாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன். மனசு கேக்கல. கொழுந்தன் பொண்டாட்டியைத் தனியாக் கூப்பிட்டு, "இந்தா, நீயே ஏத்து. ஒனக்குத்தான் கொடுத்து வச்சிருக்கு"ன்னு வெடுக்குன்னு நீட்டுனேன்.

அவ பானையை வாங்கல. மூஞ்சி வெளுத்திருந்துச்சு. "கொஞ்சம் இருங்கக்கா, தலை சுத்துது. பதினஞ்சு நாளா மாத்திரை போடுறேன்."

"நீ எதுக்குடி போடுற?"

"உங்களுக்கு முடியாமப் போனா பானை நின்னுறக்கூடாதுல்ல. மூணு வருஷமா போடுறேன். போட்டா வாந்தி வேற. உங்ககிட்ட சொன்னா, நான் பானைக்கு ஆசைப்படுறேன்னு நெனச்சுருவீங்கன்னு சொல்லல."

அவளுக்கு நாப்பத்திமூணு வயசு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. பானையைத் தூக்கிட்டுப் போயி வீட்டுக்காரர் கையில வச்சேன். "எனக்கு வந்துருச்சு. அவளுக்கு உடம்பு சரியில்ல. இன்னைக்கு நீங்க ஏத்துங்க." கூட்டம் பூராம் என்னையப் பார்த்துச்சு. பங்காளிக யாரோ முணுமுணுத்தாங்க. "சாமி உங்களுக்கும் சாமிதானே!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். பத்தாம் வகுப்பை அடக்குற சத்தம். பால் காய்ச்சத் தெரியாத மனுஷன், ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சு ஏத்துனார்.

அவளைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயி கார்ல உக்கார வச்சேன். தண்ணி கொடுத்தேன். ரெண்டு வருஷமா நான் என்னெல்லாம் நெனச்சேன்னு ஒண்ணு விடாம சொன்னேன். "தெரியும்கா"ன்னா. சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டா. அவ பையைத் தொறந்து மிச்ச மாத்திரை அட்டையை எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன். அங்க குலவைச் சத்தம் கேட்டுச்சு. அவ நிமிரல, நானும் எழுப்பல.