பதில் எழுதாமல் போன செல்வி

முதலில் கையில் பட்டது கடையில் வைத்துத்தான். ஒரு பெண்ணுக்குக் கழுத்து அளவு எடுத்து முடித்து, டேப்பை என் கழுத்தில் போட்டுக்கொண்டபோது வலது தாடைக்குக் கீழே ஏதோ உருண்டது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள் நான். துணியில் ஒரு நூல் இழுத்திருந்தாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அந்த விரலைத்தான் திட்டினேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பும் அதே பக்கத்தில்தான் தொடங்கியது. காசநோய் என்று சில வாரங்கள் மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் போகவில்லை. பிறகு பயாப்ஸி (கட்டியின் திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்து, ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய்) என்றார்கள். ஆறு மாதம் கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது). முடி போனது, திரும்பி வந்தது. நல்லாகிவிட்டது என்றார் டாக்டர். அந்த நாட்களில் பாதி எனக்கு நினைவில் இல்லை. மீதியை நானே மறக்கப் பார்த்தேன்.

இப்போது மறுபடியும். டாக்டர் தொட்டுப் பார்த்தார்.

"கட்டிய முழுசா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்மா. ரிசல்ட் வர பத்து நாள் ஆகும்."

"திரும்ப அதானா சார்?"

"டெஸ்ட் பண்ணாம சொல்ல மாட்டேன்மா."

நேர்மையான மனிதர். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் கோபம் வந்தது. அந்த வாரமே எடுத்தார்கள். மூன்று தையல். நெருக்கமாகத்தான் போட்டிருந்தார், குறை சொல்ல முடியாது.

உங்களில் யாராவது இப்போது அந்தப் பத்து நாளுக்குள் இருந்தால், போனில் தேடாதீர்கள். தேடுவீர்கள், தெரியும். நானும் தேடினேன்.

மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம். நோயாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்று வந்தது. அதில் செல்வி என்று ஒருத்தி. ராஜகுளம், இரண்டு பையன்கள் என்று போட்டிருந்தாள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரியாயிற்றே என்று படிக்க உட்கார்ந்தேன்.

'மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை.' 'ஊசி போட்ட மறுநாள் தண்ணீர்கூட இரும்பு மாதிரி கசக்கிறது.' எனக்கும் அப்படியேதான் இருந்தது. பாவம் இவள் என்று நினைத்தேன். எட்டாவது ஊசிக்குப் பிறகு, 'பயமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை.' அதற்குமேல் அவள் எழுதவே இல்லை.

கீழே மற்றவர்கள் கேட்டிருந்தார்கள். ஹசீனா என்ற பெண் விடாமல் கேட்டிருந்தாள். அவளுக்கும் அதே நோய், அப்போதுதான் கீமோ தொடங்கியிருக்கிறது. 'செல்வி அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க.' ஒரு மாதம் கழித்து, 'நீங்க பதில் போடாததால எனக்குப் பயமா இருக்கு. நான் அடுத்த ஊசிக்குப் போகட்டுமா, வேணாமா?' கடைசியில் யாரோ கைகூப்பும் படம் போட்டு, ஆன்மா சாந்தியடையட்டும் என்று முடித்திருந்தார்.

செத்துவிட்டாள். இவ்வளவு தூரம் என்னைப் போலவே வந்தவள் செத்துவிட்டாள் என்றால், என் மீதிக் கதையும் அதுதான். வெட்டிவைத்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நல்லதாக ஒரு வரியாவது இருக்காதா என்று மறுபடி மேலிருந்து படித்தேன். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போயிருந்தேன். 'கழுத்துக் கட்டு வெளியே தெரியாமல் இருக்கக் காலர் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். வலது கையைத் தூக்க முடியவில்லை. அதனால் கொக்கியை மாற்றி, இடது கையாலேயே போடுகிற மாதிரி வைத்தேன்.'

அந்த ஜாக்கெட் என் பீரோவில் இருக்கிறது.

என் கணவர் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் வயலில் இருந்தவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, செல்வின்றது யாருங்க?"

அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீதாம்மே அது. ஊசி போட்ட மயக்கத்துல நீ படுத்துக்கினு சொல்லுவ, நான் போன்ல அடிப்பேன். கோமதிக்கு அப்ப மாப்ள பாத்துக்கினு இருந்தோம் இல்ல? அண்ணிக்கு கேன்சர் கீதுன்னு தெரிஞ்சா இந்த வூட்ல யாரு பொண்ணு எடுப்பாங்க? அதான் பேரு, ஊரு எல்லாம் மாத்திப் போட்டேன்."

கோமதி அவருடைய தங்கை. அவள் கல்யாணம் முடிகிற வரை எங்கள் தெருவில் என் நோயின் பெயர் டைபாய்டு. எங்களுக்கு ஒரே மகள். அவளையும் மன்றத்தில் இரண்டு பையன்களாக்கியிருக்கிறார்.

"அப்புறம் ஏன் எழுதல?"

"உனக்குத்தான் நல்லாயிடுச்சே. நல்லானப்புறம் அதுல இன்னா எழுதறது?"

திட்ட வாய் வரை வந்தது. ஆனால் அங்கே யார் என்ன ஆனார்கள் என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை. நல்லானதும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவள் நான்.

கடவுச்சொல் அவருக்கு நினைவிருந்தது, மகளின் பெயர்தான். அன்று மாலையே எழுதினேன். 'ஹசீனா, நான் சாகவில்லை. எல்லா ஊசியும் போட்டு முடித்தேன். என் பெயர் செல்வி இல்லை, அமுதா. இப்போது மறுபடி ஒரு கட்டி, ரிசல்ட் வரவில்லை, பயந்துகொண்டிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?'

பத்தாவது நாள் டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். சொத்தைப் பல்லால் வந்த வீக்கம், புற்றுநோய் இல்லை, மூன்று மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார். பஸ் ஏறும் வரை சந்தோஷமாக இருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் மூன்று மாதத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன். என் வருடத்துக்கு இப்போது பன்னிரண்டு மாதங்கள் கிடையாது, மூன்றுதான்.

ஹசீனா இன்னும் பதில் எழுதவில்லை. நல்லாகி, என்னைப் போலவே அந்த இடத்தை மறந்திருக்கலாம். அந்த அடுத்த ஊசிக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது.

காலையில் கடையைத் திறந்ததும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். அடுத்து போனைப் பார்க்கிறேன். இன்றைக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை. போனிலும் ஒன்றும் இல்லை.