சுமித்திரா கேட்ட பீலி

எங்கள் மேட்டுக்குடியிருப்பில் யாருக்காவது சுமித்திரா அக்காவோடு கோபம் வந்தால் உடனே வாயில் வருவது, "பீலி கேட்ட ஆள்தானே!" என்ற பேச்சுத்தான். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குக் கூட்டத்தில் கை தூக்காதவர் ஒருவர் இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும், பார்க்கலாம். ஊரே தூக்கியது. எழும்பி நின்று கேட்டது அவர் ஒருத்தர் என்பதால் பழி முழுக்க அவர் தலையில். நல்ல நியாயம்!

நான் சதீஸ், கனகராயன்குளம் சந்தியில் ஓட்டோ ஓடுகிறேன். அக்காவின் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். இரண்டு குடும்பமும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு ஓடிவந்தவை. அக்கா பிறந்தது இங்கே. தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் வீட்டுப் பேச்சை விடவில்லை. நாங்கள் எல்லாரும் வன்னிக்காரர் மாதிரி "வாங்கோ, இருங்கோ" என்று மாறிவிட்டோம். அவர் மட்டும் "வாங்க, ஒக்காருங்க" என்பார். நான் கிண்டல் பண்ணினால், "மாத்துனா வாய் சுளுக்கிக்கும்டா" என்று சிரிப்பார்.

சிரித்த காலம் அது. அவருடைய கணவர் ராசு அண்ணன் மண்வெட்டி பிடித்தால் இரண்டு ஆள் வேலை செய்வார். அவருக்குக் கிட்னி வருத்தம் என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை, இந்த மனுசனுக்கு எப்படி? இதற்கு இதுதான் காரணம் என்று டொக்டர்மாரும் அடித்துச் சொல்வதில்லை. "கிணத்துத் தண்ணியை மட்டும் குடியாதேங்கோ" என்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல்லுப் படியும். அதைத்தான் குடித்தோம், வேறு என்னத்தைக் குடிப்பது? ரத்தம் சுத்திகரிக்க ராசு அண்ணனை ஏற்றி இறக்கியது என் ஓட்டோதான். கடைசியில் அவரைப் பிணமாகக் கொண்டுவந்தோம்.

செத்த வீடு முடிந்து, கிராமத்தில் பிள்ளைகள் எல்லாருக்கும் பரிசோதனை செய்தபோது மகள் மேனுகாவின் சிறுநீரில் ஏதோ புரதம் போகிறது என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. "இப்ப பயப்பிட ஒண்டுமில்லை அம்மா, நல்ல தண்ணி குடுங்கோ, கிளினிக்குக்குத் தவறாமல் கொண்டுவாங்கோ" என்றார் டொக்டர். அன்றிலிருந்து அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே கவலை அந்த நல்ல தண்ணீர்தான். பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. சுத்திகரித்த தண்ணீர் விற்கிற கடை சந்தியில் இருக்கிறது; கூலி வேலைக்குப் போகிறவர் தினமும் வாங்கிக் கட்டுபடியாகுமா? நான் இடைக்கிடை ஒரு கான் கொண்டுபோய் வைப்பேன். அதுவும் மேனுகாவுக்குத்தான் போகும்.

இந்த நேரத்தில்தான் குடிநீர்த் திட்டம் வந்தது. ஏ-நைன் வீதிக்குக் கிட்டத் தண்ணீர்க் கோபுரம் கட்டி, குளத்து நீரைச் சுத்திகரித்து ஊர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். வடிவமைப்புச் செய்த குழுவில் செந்தூரன் என்று ஓர் இளம் எஞ்சினியர். அவருடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்ய வந்து குடியேறியவர்கள். நல்ல பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன். மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டு வந்து சனத்தின் தலையில் கட்டக்கூடாது, சனத்தைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகவே பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்டு குழாய்த்தண்ணி. சந்தி மட்டும் நாங்கள் கொண்டருவம். வீட்டுக்கு நீங்கள்தான் இழுக்கோணும், மாசம் மாசம் பில்லும் கட்டோணும். மற்றது பீலி. அதை வீட்டுக்கு வீடு நாங்களே பூட்டித் தருவம், பில் கில் ஒண்டும் இல்லை. ரெண்டையும் தர வசதியில்லை. எது வேணுமெண்டு நீங்கள்தான் சொல்லோணும்" என்றார்.

பீலி என்றதும் மண்டபம் கலகலப்பானது. எங்கள் வீடுகளில் பீலி என்றால் ஒன்றே ஒன்றுதான். மலை ஊற்றைத் தகரத்தில் இறக்கி விட்டிருப்பார்கள், இரவு பகலாகக் கொட்டும், தோட்டத்துச் சனம் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். பூட்டு இல்லை, கேட்க ஆள் இல்லை. மலையே இல்லாத வன்னியில் அது எப்படி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு உயரக் கோபுரம் கட்டுகிறார்களே, அதுதான் மலை என்று எங்கள் சனம் கணக்குப் போட்டுக்கொண்டது.

அக்கா எழும்பினார். "வீட்டுக்கு வீடு பீலியாங்க?"

"ஓம் அக்கா, வீட்டுக்கு வீடு."

"எப்பவும் தண்ணி வருமுங்களா?"

"மழைக்கு நல்லா வரும். கோடையில கொஞ்சம் பாத்துப் பாவிக்கோணும்."

"அது தெரியும் தம்பி. எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லும், மழைக்குப் பீலி ரெண்டு பங்காக் கொட்டுமுன்னு. தண்ணி சுத்தமா இருக்குமா?"

"கிணத்துத் தண்ணியை விட எவ்வளவோ சுத்தம்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? "எங்களுக்குப் பீலி போதுங்க!" என்றார் அக்கா. அத்தனை கையும் மேலே போனது. செந்தூரனின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். கேட்டுச் செய்தால் சனம் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

மாசிப் பனி விட்ட கையோடு லொறி வந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார். நீட்டு நீட்டாக வெள்ளைப் பிளாஸ்ரிக், எல்லாம் நெடுகப் பாதியாகப் பிளந்தது.

"என்னடா சதீஸ், குழாயப் பாதியா வெட்டிக் கொண்டாந்திருக்கானுங்க?"

வேலையாள் ஒருவர் ஏணியைச் சாத்தி அவர் வீட்டுத் தகரக் கூரையின் ஓரத்தில் அதைப் பூட்டத் தொடங்கினார். கீழே ஒரு கறுப்புத் தாங்கி. கூரையில் விழுகிற மழை அந்தப் பிளாஸ்ரிக்கில் ஓடித் தாங்கியில் சேருமாம். "இதுதான் அம்மா பீலி" என்றார் அவர். யாழ்ப்பாணத்தாருக்குப் பீலி என்றால் அதுதான், கூரைத் தண்ணீர் ஓடுகிற தவாளிப்பு. எங்களுக்கு ஒரு பீலி, அவர்களுக்கு ஒரு பீலி. ஒரே தமிழ், என்ன தமிழோ!

அக்கா என் ஓட்டோவில் ஏறி, "விடுடா வவுனியாவுக்கு" என்றார். அலுவலகத்தில் செந்தூரன் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஐயோ அக்கா, பீலி எண்டா கூரைப் பீலிதானே?"

"எங்க வீட்ல அப்படி இல்லீங்க தம்பி. கூரையில ஓடுறத நாங்க பீலின்னு சொன்னதே இல்ல."

செந்தூரன் உண்மையாகவே ஓடித் திரிந்தார், மேலிடத்தோடு சண்டையும் பிடித்தார். "சனம் தெரிவு செய்ததைத்தானே குடுத்திருக்கு" என்பதுதான் அங்கே கிடைத்த பதில். கேட்டுச் செய்ததே வினையாகப் போனது. குழாய் எங்கள் சந்தியைக் கடந்து அடுத்த ஊருக்குப் போவதாக முடிவாகி, பெக்கோ மிசின் வந்து கிடங்கு வெட்டத் தொடங்கியது.

சந்தியில் குழாயை இறக்குகிற அன்று காலையில் அக்கா கிடங்குக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்கும் ஒரு கிளை விடுங்க, இல்லாட்டி எம்மேல மண்ணப் போட்டு மூடுங்க." வேலையை மேற்பார்வை பார்த்த ஓவசியர் கத்தினார், பிறகு கெஞ்சினார். மனுசி அசையவில்லை. ஊர்ச்சனம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவராவது பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார்களா? "பீலி கேட்டவ குழாய் கேக்கிறா" என்று சிரித்தார்கள். நான் நாலு பேரைத் திட்டிப்போட்டு இறங்கி உட்கார்ந்தேன்.

செந்தூரன் மோட்டார்சைக்கிளில் வந்தார். சேற்றைப் பாராமல் கிடங்குக்குள் குந்தியிருந்து சொன்னார்: "அக்கா, உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். இந்தக் குழாயின்ர அளவு அடுத்த ஊர்ச் சனத்துக்குக் கணக்குப் போட்டு எடுத்தது. உங்கட இடம் மேடு. இப்ப உங்களுக்கும் பிரிச்சு விட்டால் கடைசி வீடுகளுக்குத் தண்ணி ஏறாது. அங்கயும் கிட்னி வருத்தக்காரர் இருக்கினம், சின்னப் பிள்ளையள் இருக்கினம்."

அக்கா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அவங்களுக்கும் புள்ளைங்கதான்" என்றார். பிறகு என் கையைப் பிடித்து எழும்பினார். எனக்கு அழுகை வந்தது. செந்தூரன் தன் பொறுப்பில் அந்த இடத்தில் கிளை எடுக்கிற மூட்டு ஒன்றைப் பொருத்தி, மூடியால் இறுக்கிவிட்டார். அடுத்த கட்டத்துக்குக் காசு வந்தால் அதிலிருந்து இழுக்கலாமாம். காசு இன்னும் வரவில்லை. மூடி மண்ணுக்குள் கிடக்கிறது.

அன்று போவதற்கு முன் அக்கா அவரிடம் ஒன்று கேட்டார். "எங்க கூரையில விழுற மழை அந்தத் தாங்கியில ரொம்பினா, கோடை முடியும் மட்டும் போதுமுங்களா தம்பி?"

அவர் கூரையை நினைத்துப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு பேருக்குக் காணாது அக்கா. பெரிய தாங்கிதான் நான் கீறினது, காசைக் குறைச்சுப் போட்டாங்கள். ஒரு ஆளுக்கெண்டால் குடிக்கத் தாராளமாக் காணும்."

"ஒரு ஆளுக்குக் காணும்" என்று அக்கா திருப்பிச் சொன்னார்.

மாரி வந்தது, தாங்கி நிரம்பியது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா ஒன்றும் பிசகாமல் செய்தார், துணி கட்டினார், இலை குப்பை விழாமல் பார்த்தார். தாங்கிக் குழாய்க்குப் பூட்டும் போட்டு, அந்தத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஊர் அதற்கும் சிரித்தது. மழைத்தண்ணிக்குப் பூட்டுப் போடுகிற ஆளாம்.

மேனுகா கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனாள். இந்த ஆவணியில் நான்தான் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். டொக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "புரதம் போறது நிண்டிட்டுது. நல்ல தண்ணி குடுத்திருக்கிறியள், கெட்டிக்காரி அம்மா" என்றார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டொக்டரின் பார்வை மெல்லக் கீழே போனது. அக்காவின் கால்கள் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"உங்களையும் ஒருக்காப் பாப்பம்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, வயல்ல நின்னது."

டொக்டர் விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், காத்திருந்தோம். முடிவைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது. அதே வருத்தம், அதுவும் நன்றாக முற்றிய நிலையில்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மேனுகா தாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். படலையில் இறங்கியதும்தான் கேட்டாள்.

"நீங்கள் எந்தத் தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"நீ குடிக்கிறதத்தான்."

"பொய்! திறப்பு உங்களிட்ட. எனக்குத்தான் ஊத்தித் தாறனீங்கள். கேட்டால், 'நீ பள்ளிக்கூடத்தால வர முதல் குடிச்சிட்டன், வேலையில குடிச்சிட்டன்' எண்டு சொல்லுவியள். இவ்வளவு நாளும் கிணத்துத் தண்ணியோ?"

"தாங்கி ஒரு ஆளுக்குத்தாண்டி காணும்."

"அப்ப அப்பாவும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் நான் அந்தத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு தனிய இருக்கோணுமோ?"

அக்கா அவளைப் பிடிக்கப் போனார். அவள் கையை உதறிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாள். வாளியைக் கீழே விட்டு இழுத்தாள். "இனி ரெண்டு பேரும் ஒரே தண்ணி. நீங்கள் உங்களுக்கும் தாங்கியைத் திறக்கும் மட்டும் இதுதான்" என்று சொல்லி வாளியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"சதீஸ், அவளப் புடிடா! குடிக்க விடாதடா!" என்று அக்கா வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ஓடினார். இடுப்பில் இருந்த திறப்பை எடுத்து நீட்டிக்கொண்டே, "தொறக்குறேன்டி, தொறக்குறேன்டி" என்று கத்தினார்.

நான் கிணற்றடிக்குப் போய்ச் சேருவதற்குள் மேனுகா குடிக்கத் தொடங்கிவிட்டாள்.