எழுதியவர் அனைவரும் தேர்ச்சி

தம்பானூரில் ஒரே தெருவில் மூன்று டுட்டோரியல்கள். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தயார் செய்வதுதான் மூன்றுக்கும் பிழைப்பு. ஒன்று ஓய்வுபெற்ற பேராசிரியர்களைக் காட்டி ஆள் பிடித்தது. இன்னொன்று ஃபீஸைக் குறைத்தது. மூன்றாவதான ஞானோதயத்துக்குக் காட்ட ஒரு மண்ணும் இல்லை. அங்கே ஆபீஸ் பார்த்த பூதலிங்கம்தான் 1977இல் அந்த யோசனையைச் சொன்னார். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களின் விண்ணப்பத்தை அனுப்பாமலே வைத்துக்கொள்வது; பிறகு, ‘எழுதியவர் அனைவரும் தேர்ச்சி’ என்று போர்டு வைப்பது. பிரின்சிபால் சிவதாணு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. பூதலிங்கத்துக்கும் தலை கால் புரியவில்லை.

அந்த வருஷம் பிரீ டிகிரிக்குப் படித்தவள் செண்பகவல்லி. சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓடுவாள். மாதிரித் தேர்வில் இங்கிலீஷில் கோட்டை விட்டாள். அவள் விண்ணப்பம் பூதலிங்கத்தின் மேஜை டிராயரிலேயே கிடந்து கடைசித் தேதியைத் தாண்டியது.

“போட்டோ சரியில்லைன்னு யூனிவர்சிட்டியில தள்ளிட்டாங்கம்மா” என்றார் கூசாமல்.

“நீங்க என்ன செய்வீங்க சாரே, என் நேரம்” என்று அவள் அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

போர்டு ஏறிய அன்று அவள் ஒரு நோட்டோடு வந்தாள். தோழியிடம் இங்கிலீஷ் கேள்வித்தாளை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணி நேரத்தில் வீட்டிலேயே எழுதியிருந்தாள்.

“இதத் திருத்தித் தரச் சொல்லுங்க சாரே. பாஸ்னா நேரா யூனிவர்சிட்டிக்குப் போயி ஏன் தள்ளினீங்கன்னு கேப்பேன். இல்லேன்னா படிப்பு மதி, போதும்னு விட்டுருவேன்.”

இங்கிலீஷ் வாத்தியார் பட்டாபி ஐம்பத்தொன்று போட்டார். பாஸுக்கு முப்பத்தைந்து போதும். பூதலிங்கம் நோட்டை டிராயரில் போட்டுப் பூட்டினார். அவள் போய்க் கேட்டால், விண்ணப்பமே வரவில்லை என்பார்கள். மறுநாள் நோட்டைக் காட்டாமல், “இருபத்தெட்டுதாம்மா” என்றார். அவள் திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகு சாலை பஜார் பக்கம் தலைகாட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருஷம் கழித்து மகளின் கல்யாணப் புடவைக்காகப் போயே தீரவேண்டி வந்தது. அவள் வேலை பார்த்தது எந்தக் கடை என்று அவருக்குத் தெரியாது. மகள் இழுத்துப்போன கடையில் புடவையை விரித்துப் போட்டவள் செண்பகவல்லி.

“உங்கப்பாதானா?” என்று மகளிடம் முகம் மலர்ந்தாள். “நல்ல மனுஷரு கேட்டியா. என்கிட்ட உள்ளதச் சொன்ன ஒரே சாரு. நான் மட்டும் எழுதியிருந்தா அந்த போர்டே கெட்டுப்போயிருக்கும்.”

“இது எப்படிப்பா இருக்கு?” என்றாள் மகள். பூதலிங்கம் புடவையைப் பார்க்காமலே தலையாட்டினார்.