காதில் ஏறிய பென்சில்

மேஜை இழுப்பறையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டிப் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறாள் மகள். பென்சில் அவளுடைய வலது காதின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. "காதுல இருக்குடி" என்று சொல்வது அம்மாவின் அன்றாட வேலைகளில் ஒன்று.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். கணினிச் சிப் செய்வதற்கான வட்டமான சிலிக்கான் வில்லைகளின் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசுவது அவளுடைய ஆராய்ச்சி. பூசும் கலத்துக்குள் பொட்டுக் காற்றுகூட இருக்கக் கூடாது. எங்காவது கசிந்தால் இவள்தான் அடியில் மல்லாந்து படுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். மல்லாந்து எழுதினால் பேனா மக்கர் பண்ணும், பென்சில் பண்ணாது. அப்படிக் காதேறிய பென்சில் பிறகு இறங்கவேயில்லை. "எங்கடா ராசா ஒழுகுற? அக்காகிட்ட சொல்லு" என்று கலத்தைக் கெஞ்சுவாள். அது சொல்லாவிட்டால் உறவு அறுந்து வசவு தொடங்கும்.

பட்டத்துக்குப் பின் ஒப்பந்த ஆராய்ச்சி, அது முடிந்ததும் இன்னொன்று. மூன்றாவது இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நான்காவது கிடையாது என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார்.

"இன்னுமா படிச்சு முடிக்கல?" என்பாள் அம்மா.

"இது படிப்பில்லம்மா, வேலை."

"வேலைன்னா அப்புறம் எதுக்குடி வேலை தேடுற?"



போன வாரம் ஒரு சிப் தொழிற்சாலையில் நேர்காணல். கேள்விகளையெல்லாம் ஊதித் தள்ளினாள். மகிழ்ந்துபோன மேலாளர் தூசியில்லா அறையைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு, தலையுறை, முகமூடி. பவுடர் பூசி வரக் கூடாது. பென்சில் கூடவே கூடாது, கரித்தூள் உதிரும். சுவரில் எழுதியிருந்த அத்தனையையும் வரி விடாமல் படித்துத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். ஓர் இயந்திரத்தின் முன் நின்று யோசித்தபோது கை தன் போக்கில் காதுக்குப் போனது. தலையுறைக்குள் அது இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் பக்கத்து மேடையில் வில்லைகள் வரிசையாக இருந்தன. ஒரு துகள் விழுந்தாலும் யாரோ ஒருத்தியின் பல நாள் உழைப்பு பாழ். அவளுக்கு மனம் கேட்கவில்லை.

"சார், மன்னிச்சுக்கோங்க. என் தலைக்குள்ள ஒரு பென்சில் இருக்கு."

மேலாளர் திருதிருவென்று விழித்தார். அடுத்த நிமிடம் இருவரும் வெளியே நின்றார்கள்.

"போச்சும்மா. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"மண்ணா? பென்சில்னு சொன்னே?"

சிரித்துவிட்டாள். 

இப்போது, இழுப்பறைச் சாமான்களுக்கு நடுவே கைபேசி அடிக்கிறது. மேலாளர்தான்.

"பென்சிலோட உள்ள போனவங்க நிறையப் பேர். எல்லாரையும் நாங்கதான் கண்டுபிடிச்சோம். தானா சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்துடுங்க. ஆனா, தயவுசெஞ்சு..."

"தெரியும் சார்" என்கிறாள். கை காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொடுகிறது.

அம்மா கரண்டியோடு ஓடி வருகிறாள். "என்னடி, வேலையா? மறுபடியும் படிப்பா?"

"வேலைதாம்மா" என்றபடி அவள் தன் காதிலிருந்த பென்சிலை உருவி, அம்மாவின் நரைமுடியை ஒதுக்கி, அந்தக் காதில் சொருகுகிறாள்.