ஆடிட்டர் கஸ்தூரிரங்கன் ஊரில் இல்லை

கஸ்தூரிரங்கனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கோபாலபுரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர். வீட்டிலிருந்தே ஆடிட்டர் தொழில் பார்க்கிறார். கொரியர்காரனை வாசலில் நிறுத்திவிட்டு அவன் கம்பெனிக்கு போன் போட்டு விசாரிப்பார். காய்கறிக்காரி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று மனைவி விஜயலக்ஷ்மியைக் குடைவார். செருப்பு மாட்டும்போது 'எங்கே கிளம்பிட்டீங்க' என்று கேட்டுவிட்டால் போச்சு. உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். சகுனம் பாதி, சந்தேகம் பாதி.

"போறச்சே எங்கேன்னு கேக்கறவாளுக்கு அதுல என்ன லாபம்? அத யோசிக்கணும்," என்பார்.

போன மாதம் இருவரும் பத்ரிநாத் கிளம்பினார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டர் காபி கூடாதென்று சொல்லிவிட்டதாகக் கதை கட்டிப் பாலை நிறுத்தினார். அந்த வீட்டில் காபி இல்லையென்றதும், பெரிய வியாதிதான் என்று நான் பயந்தே போனேன். ஹாலில் விளக்கை எரியவிட்டு, வாசலில் பழைய செருப்பைப் போட்டு, வாட்ச்மேன் செம்பியன் மோட்டார் போடப் போன நேரம் பார்த்து நழுவிவிட்டார்கள்.

நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளைச் சொல்லி எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். அனுப்பிய கையோடு கஸ்தூரிரங்கனிடமிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று, மெயில் தானாகவே பதில் போடும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவியோடு பத்ரிநாத் யாத்திரையில் இருக்கிறேன், பதினெட்டாம் தேதி இரவுதான் திரும்புவேன், அதுவரை போன் கிடைக்காது. கீழே பெயர், பட்டம், கதவு எண், மாடி, தெரு. கடன் அட்டை விற்பவன், லாட்டரி விழுந்ததென்று புளுகுபவன், யார் எழுதினாலும் இதே பதில்தான் போயிருக்கும்.

திரும்பி வந்தபோது பால்கனிக் கதவை யாரோ நெம்பித் திறந்திருந்தார்கள். பூஜை அறையில் இருந்த வெள்ளி அத்தனையும் போயிருந்தது. விஜயலக்ஷ்மி படியிலேயே உட்கார்ந்து அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கஸ்தூரிரங்கன் திருடனைத் தேடி அலையவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வந்ததும் செம்பியனைக் கை காட்டினார். "நான் யார்கிட்டயும் சொல்லலை. ராப்பகலா வாசல்ல உக்காந்துண்டு நோட்டம் விடறவன் இவன்தான். இன்னிக்கே இவன அனுப்பிச்சுடணும்."

செம்பியன் குடும்பம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில்தான் வாழ்கிறது. வேலை போனால் அறையும் போகும். திருட்டுப் பட்டத்தோடு போகிறவருக்கு வேறு எவர் வேலை தருவார்?

"சார் ஊர்ல இல்லன்றதே எனக்குத் தெரியாது மேடம்," என்று செம்பியன் என்னைப் பார்த்துச் சொன்னார். "லைட்டு எரிஞ்சிகினு கீது, வாசல்ல செருப்பு கீது. நான் இன்னான்னு கண்டேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் அந்தப் பதிலைத் திறந்து கஸ்தூரிரங்கனின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "யார்கிட்டயும் சொல்லலையா சார்? உங்களுக்கு மெயில் போட்ட அத்தனை பேருக்கும் நீங்களே சொல்லியிருக்கீங்க. அட்ரஸோட."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார். முகம் வெளிறிப்போயிற்று. செம்பியனிடம் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இது எட்டாந்தேதி வந்திருக்கு," என்றார், என்னிடம் அல்ல, சப்-இன்ஸ்பெக்டரிடம். "அப்போ நாங்க ஆத்துல இல்லேங்கறது இவாளுக்குப் பத்து நாளாத் தெரிஞ்சிருக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் செம்பியனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, என் வீடு எது என்று கேட்டார்.